தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில்





பரீட்சை முடிந்து புத்தகப் பைகள் பரணுக்குப் போயிருக்கும். அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், பெரியப்பா வீட்டுப் பேரன் பேத்திகள் என்று ஊரிலிருந்து வந்து இறங்கியிருப்பார்கள். காலை பத்து மணிக்கு மேல் தெருவில் தலைகாட்ட முடியாத வெயில். கேரம் போர்டைச் சுற்றி நான்கு பேர்தான் உட்காரலாம். செஸ் என்றால் இரண்டே பேர். மிச்சமிருப்பவர்கள் ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு ஒதுங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் தொலைக்காட்சி முன்னால். வீடு நிறைய ஆள் இருந்தும் பேச்சுச் சத்தம் குறைவு.

அதனால் இந்த மாதம் என் பக்கத்தை ஒரு விளையாட்டைச் சிபாரிசு செய்வதற்காக எடுத்துக்கொள்கிறேன். பலகை, பகடை, கேள்வி அட்டைகள் வைத்து ஆடும் பொது அறிவு விளையாட்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே ஆட்டத்தில் இருக்கலாம். ஒன்றை மட்டும் சரியாகச் செய்ய வேண்டும்: அணி பிரிப்பது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த வகை ஆட்டங்களில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது 'டிரிவியல் பர்சூட்'. அதை உருவாக்கிய இருவரும் பத்திரிகைக்காரர்கள் என்பதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கிறிஸ் ஹேனி, கனடாவில் 'மான்ட்ரியல் கெஸட்' நாளிதழின் படப் பிரிவு ஆசிரியர். ஸ்காட் அபட், 'கனடியன் பிரஸ்' செய்தி நிறுவனத்தில் விளையாட்டுச் செய்திகளைக் கவனித்தவர். 1979 டிசம்பர் 15 அன்று மான்ட்ரியலில் இருவரும் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தபோது பெட்டியில் சில எழுத்துகள் குறைந்தன. நாமே ஒரு விளையாட்டைச் செய்தால் என்ன என்று பேச்சு திரும்பியது. அன்றைக்கே பலகையின் உருவம் காகிதத்தில் வந்துவிட்டது.

அதன்பின் பணத்துக்கு அலைந்தார்கள். நண்பர்களிடமும் கூட வேலை பார்த்தவர்களிடமும் சிறு சிறு பங்குகளாகத் திரட்டினார்கள். பலகைக்குப் படம் வரைந்து கொடுத்த 18 வயது இளைஞர் கூலிக்குப் பதிலாகப் பங்கு வாங்கிக்கொண்டார். 1981-ல் முதல் 1,100 பெட்டிகள் தயாராயின. ஒரு பெட்டி செய்ய 75 டாலர் செலவு. கடைகளுக்குக் கொடுத்த விலை 15 டாலர். அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டு கடைக்கு அனுப்பினார்கள். 1984-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் வட அமெரிக்காவில் 2 கோடிக்கும் அதிகமான பெட்டிகள் விற்றன. 2008-ல் அதன் உரிமையை ஹாஸ்ப்ரோ நிறுவனம் 8 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆட்டம் எளிது. பலகையில் ஆறு ஆரங்கள் உள்ள ஒரு சக்கரம். புவியியல், பொழுதுபோக்கு, வரலாறு, கலை இலக்கியம், அறிவியல், விளையாட்டு என்று ஆறு துறைகள், ஆறு நிறங்கள். பகடை போட்டு நகர்ந்து எந்த நிறக் கட்டத்தில் நிற்கிறோமோ அந்தத் துறையில் கேள்வி. சரியாகச் சொன்னால் மறுபடியும் பகடை. ஒவ்வோர் ஆரத்தின் முனையிலும் இருக்கும் கட்டத்தில் சரியான விடை சொன்னால் அந்த நிறத் துண்டு ஒன்று நம் காய்க்குள் பொருந்தும். ஆறு துண்டுகளும் சேர்ந்தபின் நடுக்கட்டத்துக்குப் போய் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வி எந்தத் துறையில் என்பதை முடிவு செய்வது எதிராளிகள்.

இந்த அமைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. கிரிக்கெட்டில் எல்லாப் புள்ளிவிவரமும் விரல்நுனியில் வைத்திருக்கும் பையன் ஒரு நிறத்தை முதலில் எடுத்துவிடுவான். பிறகு இலக்கியத்தின் வாசலில் போய் நின்றே ஆக வேண்டும். எல்லாம் தெரிந்தவர் என்று வீட்டில் பெயர் வாங்கிய மாமாவும் ஏதோ ஒரு நிறத்தில் மாட்டிக்கொள்வார். ஆறிலும் ஒருவரே கெட்டிக்காரராக இருப்பது அபூர்வம் என்பதை நம்பித்தான் சக்கரத்தை வரைந்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியை அப்படியே வாங்கி வந்து நம் கூடத்தில் பிரித்தால் எடுபடுமா? எடுபடாது என்றே நினைக்கிறேன். 1960-களின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களையும் ஐஸ் ஹாக்கி அணிகளையும் பற்றிய கேள்விகளுக்கு மதுரையிலோ திருநெல்வேலியிலோ யார் விடை சொல்வார்கள்? இதில் அந்த விளையாட்டின் குற்றம் ஒன்றுமில்லை. அது தன் வீட்டாருக்காக எழுதப்பட்டது. நம் வீட்டாருக்கானதை நாம்தான் எழுத வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு பயத்தைப் போக்கியாக வேண்டும். நம் ஊரில் பொது அறிவு என்றதும் பிள்ளைகளின் முகம் மாறிவிடுகிறது. அது அவர்களுக்குப் பரீட்சை. குரூப் 2, குரூப் 4 என்று தயாராகிக்கொண்டிருக்கும் அண்ணனோ அக்காவோ இல்லாத தெரு தமிழ்நாட்டில் குறைவு. தடித்த புத்தகமும் மாதிரி வினாத்தாளுமாக அவர்கள் படும் பாட்டைத் தம்பி தங்கைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரை ஆட்டக்காரராக உட்கார வைக்காதீர்கள். கேள்வி வாசிப்பவராக, நடுவராக வையுங்கள். ஒரு மாலைப் பொழுதாவது அவர் படித்ததற்கெல்லாம் வீட்டில் ஒரு மரியாதை கிடைக்கட்டும். மதிப்பெண் பயம் இல்லாமல் அவரும் சிரிக்கட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்ற வாக்கியம் அன்றைக்கு வீட்டில் தடை. அதைக் கேட்ட பிள்ளை அடுத்த கேள்விக்கு வாய் திறக்காது. தெரிந்த விடையைக்கூடச் சொல்லத் தயங்கும். அப்பாக்கள்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இனி அணி பிரிப்பது. பெரும்பாலும் பெரியவர்கள் ஒரு பக்கம், சின்னவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறோம். ஆட்டம் அங்கேயே பாழாகிறது. வயதைக் கலந்து பிரியுங்கள். தாத்தாவும் பேத்தியும் ஓர் அணி. பெரியம்மாவும் கல்லூரிக்குப் போகும் பையனும் ஓர் அணி. புது மருமகளும் மாமனாரும் ஓர் அணியில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஆறு மாதத்தில் பேசாததை ஒரு மணி நேரத்தில் பேசிவிடுவார்கள்.

இப்படிக் கலந்த அணிக்கென்றே கேள்விகள் செய்யலாம். ஒன்று சொல்கிறேன். "நிலம் அளக்கிறவர்கள் கையில் பல காலம் இருந்த ஒரு கருவி; விளையாட்டு மைதானத்தில் நாம் அடிக்கடி பார்க்கும் ஓர் இடம். இரண்டுக்கும் நீளம் ஒன்றே. எவை?"

பேத்தி தனியாக யோசித்தால் திகைப்பாள். தாத்தா நிலம் நீச்சு பார்த்தவரானால் "சங்கிலி" என்று உடனே சொல்வார். ஒரு சங்கிலிக்கு நூறு லிங்க், 66 அடி என்பதும் அவருக்கு நினைவில் இருக்கலாம். அதற்குமேல் அவருக்கு வழி தெரியாது. 66 அடி என்றால் 22 கெஜம் என்று பேத்தி கணக்குப் போட்ட அடுத்த நொடி கத்துவாள்: "கிரிக்கெட் பிட்ச்!" அதேதான். எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் வகுத்த சங்கிலி அது. பிட்சின் இரண்டு ஸ்டம்புகளுக்கு இடையே உள்ள தூரம் சரியாக ஒரு சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்குதான் நாம் மனை வாங்கும்போது பேசும் சென்ட், 435.6 சதுர அடி. வீட்டுப் பத்திரமும் கிரிக்கெட் மைதானமும் ஒரே சங்கிலியில் அளந்தவை என்பது தாத்தாவுக்கும் புதுச் செய்தி, பேத்திக்கும் புதுச் செய்தி. பாதி விடை ஒருவரிடம், பாதி விடை இன்னொருவரிடம். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் விதத்துக்காகவே இந்த விளையாட்டை நான் விரும்புகிறேன்.

யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். நம் வீடுகளில் எல்லோரும் ஆடும்போது அம்மா மட்டும் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் எட்டிப் பார்த்து ஒரு விடை சொல்லிவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போவார். இது சரியில்லை. பலகாரத்தை முன்பே செய்து வைத்துவிடுங்கள், அல்லது கடையில் வாங்குங்கள். அம்மாவும் பாட்டியும் வந்து உட்கார்ந்த பிறகே முதல் பகடை விழட்டும். அவர்களுக்குத் தெரிந்த உலகமும் கேள்விகளில் வர வேண்டும். "மிளகாய், மிளகு, தக்காளி, புளி, உருளைக்கிழங்கு, கத்திரிக்காய் – இவற்றில் 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்குவதற்கு முன் நம் சமையலில் இல்லாதவை எவை?" என்று கேட்டுப் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. மிளகாய் இல்லாமல் குழம்பு எப்படி வைத்திருப்பார்கள் என்று பாட்டி தொடங்குவார். மிளகுக் குழம்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேச்சு ஓடும். அதை நிறுத்தாதீர்கள். பகடை காத்திருக்கும்.

கேள்வி எழுதுவது ஒரு கலை. இதழ் நடத்துகிறவள் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. "தமிழின் முதல் பேசும் படம் எது?" என்று கேட்டால் தெரிந்தவர் 'காளிதாஸ்' என்பார், தெரியாதவர் உதட்டைப் பிதுக்குவார். இரண்டு நொடியில் முடிந்துவிடும். அதையே இப்படிக் கேளுங்கள்: "1931-ல் வந்த ஒரு படத்தில் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். எந்தப் படம்?" விடை அதே 'காளிதாஸ்'தான். ஆனால் இப்போது தெரியாதவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. அப்போதுதான் பேசும் படமே வந்தது, ஒரே படத்தில் இரண்டு மொழியா, அப்படியானால் முதல் படமாக இருக்குமோ என்று யோசித்து வந்து சேரலாம். விடை தெரிந்த பிறகு கேள்வி நின்றுவிடாமல், "அப்போ பார்த்தவங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று இன்னொரு கேள்வியைப் பிறப்பிக்கிறது.

வெறும் வருடத்தை விடையாகக் கேட்பதை நான் விரும்புவதில்லை. 1802 என்று சொல்லிப் புள்ளி வாங்குவதில் என்ன சந்தோஷம்? "எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்துச் சொன்ன மாபெரும் நில அளவைப் பணி, இன்று சென்னையில் மெட்ரோ நிலையம் உள்ள ஓரிடத்தில் தொடங்கியது. எந்த இடம்?" என்று கேட்டால் கிண்டி, ஆலந்தூர், மீனம்பாக்கம் என்று சென்னை உறவினர்கள் ஒவ்வொரு நிலையமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். மேடான இடமாக இருக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றும். பரங்கிமலை! 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து, ஐம்பது ஆண்டுகளில் இமயமலையை எட்டியது அந்தப் பணி. 1852-ல் அந்தச் சிகரம்தான் உலகிலேயே உயரமானது என்று கணக்கில் தெரியவந்தது. கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. வருடம் தானாகவே மனதில் உட்கார்ந்துவிடும். அதைத் தனியாக உருப்போட வேண்டியதில்லை.

கேள்விகளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம்மிடம் ஒரு பெரிய சுரங்கம் இருக்கிறது. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், 1954-ல் தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகள். அதை முடித்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியம் இன்னொரு பத்துத் தொகுதி, 1976 வரை. சுதந்திரம் வந்த சூட்டில், தமிழிலேயே எல்லா அறிவும் கிடைக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை உட்கார்ந்து செய்த வேலை அது. பழைய நூலகங்களில் தடித்த அட்டையோடு இருக்கும். இணையத்திலும் படிக்கக் கிடைக்கிறது. குழந்தைகளுக்கான தொகுதிகளில் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் இரண்டு கேள்வியாவது எழுதலாம். இந்தப் பெரும்பணியே ஒரு கேள்வியாகும்: "கர்நாடக இசை மேடைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியரும் அவரே. யார்?" பாட்டுக் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால் பெரியசாமித் தூரன் என்று சொல்லிவிடுவாள். சொன்ன பிறகு, கலைக்களஞ்சியமும் அவர் செய்ததா என்று அவளே வியப்பாள்.

எழுதிய விடையைச் சரிபார்த்தே அட்டையில் ஏற்ற வேண்டும். டிரிவியல் பர்சூட் கதையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஃப்ரெட் வொர்த் என்பவர் 1974-ல் துணுக்குச் செய்திகளின் கலைக்களஞ்சியம் ஒன்று வெளியிட்டார். தன் புத்தகத்தை யாராவது நகலெடுத்தால் கண்டுபிடிப்பதற்காக வேண்டுமென்றே ஒரு பொய்த் தகவலை உள்ளே வைத்தார். 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரின் நாயகனுக்கு முதற்பெயர் பிலிப் என்று எழுதினார். அது அவராகக் கற்பித்த பெயர். பத்தாண்டுக்குள் அதே பிலிப், டிரிவியல் பர்சூட் அட்டையில் விடையாக வந்து நின்றது. 1984-ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நூலையும் பயன்படுத்தினோம், வேறு பல நூல்களையும் பயன்படுத்தினோம் என்று விளையாட்டின் உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். தகவல்களுக்குக் காப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. சட்டத்தின்படி அவர் தோற்றார். ஆனால் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு தவறான விடை சரியான விடையாக வாசிக்கப்பட்டதே, அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒரே புத்தகத்தில் பார்த்ததை இன்னொன்றில் ஒத்துப் பார்த்திருந்தால் போதும்.

நம் பக்கத்திலும் இப்படிப் பல உண்டு. இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வருகிறோம். 2012-ல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. எத்தனையோ பெரியவர்கள் கேள்வி கேட்காமல் கடந்துபோன இடத்தில் ஒரு குழந்தை நின்று கேட்டிருக்கிறது. அந்தச் சிறுமியை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை "அது உண்மையா, எங்கே இருக்கு?" என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு துண்டு கூடுதலாகக் கொடுங்கள்.

பழைய வினாடி வினா பெட்டி ஏதாவது பரணில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதை வைத்து வேறொரு ஆட்டம் ஆடலாம். அட்டையில் உள்ள விடையையும் சேர்த்தே வாசியுங்கள். "அச்சான அன்றைக்கு இது சரி. இன்றைக்குச் சரியா? எப்போது மாறியது?" என்பதே கேள்வி. கிரகங்கள் ஒன்பது என்றிருக்கும்; 2006 ஆகஸ்டில் புளூட்டோ குறுங்கோள் ஆனதால் எட்டு. இந்தியாவில் 28 மாநிலங்கள் என்ற அட்டை இன்னும் சுவையானது. தெலங்கானா பிறந்த 2014-ல் அது 29 ஆகித் தவறாயிற்று. ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமான 2019-ல் மறுபடியும் சரியாயிற்று. தமிழ்நாட்டு மாவட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்டால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தாங்கள் பள்ளியில் படித்த எண்ணிக்கையைச் சொல்வார்கள். அதை வைத்தே யாருக்கு எந்த வயது என்று கண்டுபிடித்துவிடலாம். மயிலாடுதுறையோடு இப்போது 38. எவரெஸ்ட்டின் உயரமும் அப்படித்தான். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த 8,848.86 மீட்டர்தான் இன்றைய கணக்கு.

பலகை செய்ய ஒரு சார்ட் தாள் போதும். சக்கரம் வரையப் பொறுமை இல்லையென்றால் வீட்டில் தாயக்கட்டம் இருக்கும். காய் நகர வேண்டுமானால் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் அருமையாக இருக்கும், நல்ல கெட்டித் தாள். வண்ணத் துண்டுகளுக்குப் பதில் சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி, சட்டைப் பித்தான் என்று துறைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். குன்றிமணி மட்டும் வேண்டாம், அதன் உள்ளே நஞ்சு இருக்கிறது. குழந்தைகள் வாயில் வைத்துவிடுவார்கள். துறைகளையும் உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளுங்கள். சமையலுக்கும் மரம் செடிகளுக்கும் தனி நிறம் கொடுத்த வீட்டில் பெரியவர்கள் இன்னும் உற்சாகமாக ஆடுவார்கள்.

அசல் விளையாட்டில் எனக்கு ஒத்துக்கொள்ளாத ஒரு விதி உண்டு. சரியாகச் சொல்பவர் தொடர்ந்து ஆடிக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் அது. நன்றாகத் தெரிந்த அணி பத்து நிமிடம் ஆடினால் மற்றவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். மூன்று விடைக்குப் பிறகு பகடை அடுத்த அணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காது சரியாகக் கேட்காத பெரியவர் இருந்தால் கேள்வி அட்டையைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கைப்பேசிகளை எல்லாம் ஒரு கூடையில் போட்டுவிடலாம். சந்தேகம் வந்த விடைகளை ஒரு தாளில் குறித்து வைத்து, ஆட்டம் முடிந்த பிறகு இயர்புக்கிலோ கலைக்களஞ்சியத்திலோ எல்லோருமாகத் தேடிப் பார்க்கலாம். அந்தத் தேடல் பல வீடுகளில் ஆட்டத்தைவிட நீளும்.

ஆட்கள் இன்னும் அதிகமானால், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின் விழா, சுற்றுலாப் பேருந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபம் போன்ற இடங்களில், பலகை வேண்டாம். ஐந்தாறு பேர் கொண்ட அணிகள், அணிக்கு ஒரு தாள், ஒரு பேனா. விடையைக் கத்தக் கூடாது, எழுத வேண்டும். கத்துவதாக இருந்தால் குரல் பெரிதாக உள்ள நாலு பேர்தான் ஆடுவார்கள். எழுதினால் கூச்சப்படுகிறவரும் பக்கத்தில் இருப்பவர் காதில் மெல்லச் சொல்லிவிடுவார். அணியில் வயதில் இளையவர் கையில் பேனா இருக்கட்டும்.

இந்தியாவில் பொது மேடை வினாடி வினாவே இப்படி ஓர் அக்கம்பக்கத்துக் கூட்டமாகத்தான் பிறந்தது. 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் நீல் ஓ'பிரையன் நடத்தியதைத்தான் முதல் நிகழ்ச்சியாகச் சொல்கிறார்கள். பிறகு பள்ளிகளுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் போயிற்று. 2000-ல் சன் டிவியில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தியபோது தமிழ்நாட்டுக் கூடங்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் இருந்தவருக்குத் தெரிவதற்கு முன்னால் இங்கே பாட்டி விடை சொல்லிவிடுவார். ஒரு ரூபாய் பரிசில்லை, ஆனாலும் அன்றைக்கு முழுக்க அந்தப் பாட்டியின் முகத்தில் வெளிச்சம் இருக்கும்.

வெளிநாட்டு வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரிவியல் பர்சூட் பிறந்த கனடாவிலேயே நம்மவர்கள் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போன பாட்டிக்கும் டொரன்டோவில் பிறந்த பேரனுக்கும் நடுவே பேசிக்கொள்ள விஷயம் குறைந்துவருகிறது என்று பல அம்மாக்கள் கவலைப்படுகிறார்கள். கனடாவின் மாகாணங்களைப் பற்றி ஓர் அட்டை, பனையைப் பற்றி ஓர் அட்டை என்று கலந்து எழுதுங்கள். ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பேரன் விழிப்பான். பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்று பாட்டி கையசைத்து விளக்குவார். அடுத்த கேள்விக்குப் பாட்டி பேரனைப் பார்ப்பார். அட்டையைப் பேரனுக்குத் தமிழிலும் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை.

உங்கள் வீட்டில் உருவான கேள்விகளில் எல்லோரையும் அதிகம் பேசவைத்த ஒன்றை எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கேள்வி போதும். விடையோடு, அதை எந்த இரண்டு இடங்களில் சரிபார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். நாங்களும் பார்த்த பிறகே அச்சில் ஏற்றுவோம். வந்தவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, வெட்டி எடுத்து அட்டையாக ஒட்டிக்கொள்ளும்படி நடுப்பக்கத்தில் வெளியிட ஏற்பாடு செய்திருக்கிறோம். கேள்வி எழுதியவரின் பெயரும் வயதும் கட்டாயம் வேண்டும். பாட்டி சொல்லப் பேரன் எழுதியதானால் இரண்டு பெயர்களையும் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்